ஓடையும் நிழலும்

இலங்கையின் மலைநாடு என்றதும் பலர் மனக்கண்முன் தோன்றுவது தேயிலையின் பசுமையே. அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நானுஓயாவை நோக்கிப் புகைவண்டியிற் செல்பவர், சீப்பினால் வாரி விட்டாற் போன்ற பசிய சரிவுகளை இருமருங்கும் கண்டு மகிழ்வர். ஆயினும் அந்தப் பசுமைக்கு ஓர் இயல்பு உண்டு. அது நிழலற்ற பசுமை. தேயிலை, வளர விட்டால் மரமாகும் இனம். கொழுந்து பறிக்கும் கைக்கு எட்டும் வண்ணம் அதனைக் கவ்வாத்துச் செய்து இடுப்பளவில் நிறுத்தியிருக்கின்றனர். இடையிடையே நிற்கும் நிழல் மரங்களைத் தவிர்த்தால், சரிவு முழுவதும் வெயிலுக்கும் மழைக்கும் திறந்தே கிடக்கின்றது. மலைநாட்டிற் குளிர்ந்த நிழலைத் தேடுபவர், ஓடைகள் அறுத்துச் செல்லும் பள்ளங்களுக்கு இறங்க வேண்டும். அல்லது தேயிலை ஏறாத உயரத்துக்கு ஏற வேண்டும்.

இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்த இடம் ஹோர்ட்டன் சமவெளி. அங்கே காட்டு நிழலும் ஓடையும் கூடிய பாதையில் ஒரு பகற்பொழுது நடந்து திரும்பலாம். அந்த நடை கண்ணுக்கு விருந்தாவதோடு அமைவதன்று. கீழே தோட்டங்களில் வாழும் மக்களின் வீட்டு வாயிலில் விழும் நீர் எங்கிருந்து வருகின்றது, அது எதனால் வற்றாமல் இருக்கின்றது என்ற கேள்விக்கு அப்பாதையே விடை கூறுகின்றது.

நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் சென்றால் ஹோர்ட்டன் சமவெளியை அடையலாம். பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் உள்ளது. இலங்கையில் இதனினும் உயரமான புகையிரத நிலையம் வேறில்லை. ஒஹிய நிலையத்திலிருந்தும் ஏறிச் செல்ல வழியுண்டு. சமவெளியோ 2,100 மீற்றருக்கும் மேலான உயரத்தில், கிரிகல்பொத்த, தொட்டுபொல என்னும் மலைமுடிகளின் காவலிற் பரந்து கிடக்கின்றது. 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆள்பதியாக இருந்த ரொபட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரே இதற்கு இடப்பட்டது. சிங்கள மக்கள் இதனை மகாஎலிய என வழங்கினர். 1960களில் இப்புல்வெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. 1969ஆம் ஆண்டில் இது இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர் நிலம் இப்பூங்காவில் அடங்குகின்றது. சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்த்து இது 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நடப்பதற்கென அமைந்த வட்டப்பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் நீளமுடையது. ஆறுதலாக நடப்பவர் மூன்று நான்கு மணி நேரத்தில் அதனைச் சுற்றி வரலாம். விடியற்காலையிலேயே புறப்படுதல் நன்று. முற்பகல் ஒன்பது, பத்து மணியளவில் தெற்கேயுள்ள தாழ்நிலத்திலிருந்து வெப்பக் காற்று மேலேறி, குளிர்ந்து, முகிலாகி, மலை விளிம்பை மூடிவிடும் என்பதே அதற்குக் காரணம்.

பாதையின் தொடக்கம் திறந்த புல்வெளி. மலைநாட்டார் பத்தனை என வழங்குவது இத்தகைய புல்நிலத்தையே; அக்கரப்பத்தனை முதலிய ஊர்ப் பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் இப்புல்லின் மேல் உறைபனி வெண்மையாகப் படிவதுண்டு. காலையில் மரைக் கூட்டங்கள் அங்கே மேயும். பள்ளங்களிற் புல்லும் மேடுகளிற் காடுமாக நிலம் பிரிந்து கிடப்பதற்கு உறைபனி, நீர் தேங்கும் மண், முற்காலத்தில் மூட்டப்பட்ட தீ ஆகியவற்றை ஆய்வாளர் காரணங்களாகக் கூறுவர்.

புல்வெளியின் நடுவே தெளிந்த நீருடன் வளைந்து செல்வது பெலிஹுல் ஓயா. அதனைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் பாதை காட்டினுள் நுழைகின்றது. வெயிலும் காற்றும் சட்டென்று நின்றுவிடுகின்றன, காலடியோசைகூட அடங்கிவிடுகின்றது. சிங்கராசா போன்ற தாழ்நிலக் காடுகளில் உள்ளவாறு வானளாவிய மரங்கள் இங்கில்லை. ஓயாத காற்றும் குளிரும் மரங்களைக் குறுக்கி, கிளைகளை முறுக்கி, முடிகளைக் குடை போலத் தட்டையாக்கியிருக்கின்றன. இலைகள் சிறியனவாகவும் தடித்தனவாகவும் உள்ளன. கீன மரமும், செந்நிறப் பூங்கொத்துத் தாங்கும் ரொடோடென்ட்ரன் மரமும், ஓடைக்கரையில் அடர்ந்த குள்ள மூங்கிலும் இக்காட்டின் அடையாளங்கள். அடிமரத்திலும் கிளையிலும் பாசி போர்வையாகப் படிந்திருக்கின்றது. கிளைகளிலிருந்து கிழவனின் தாடி போல ஒருவகை மரப்பாசி நரைத்துத் தொங்குகின்றது.

தமிழில் சோலை என்றொரு சொல் உண்டு. நிழலும் குளிர்ச்சியும் செறிந்த மரத் தொகுதிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளுக்கிடையே ஓடைப் பள்ளங்களைப் பற்றி நிற்கும் காட்டை இன்றும் மக்கள் சோலை என்றே வழங்குகின்றனர். ஆங்கிலேய வனவியலாரும் அச்சொல்லையே தம் நூல்களில் எடுத்தாண்டனர். ஹோர்ட்டன் சமவெளியின் காடு அந்தச் சோலைக்கு உறவினம். இங்கும் மரங்களின் கீழே குறிஞ்சிச் செடி அடர்ந்து வளர்கின்றது. குறிஞ்சியின் இனங்கள் பல. அவற்றுட் சில பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒருசேரப் பூத்து, விதையிட்டு, மடிகின்றன. மலையும் மலை சார்ந்த நிலத்துக்கும் அப்பூவின் பெயரையே சங்கச் சான்றோர் சூட்டினர் என்பதை இங்கு நினைவு கூர்தல் தகும்.

இந்நிழல் செய்யும் தொழிலை அறிய வேண்டுமானால், முகில் தவழும் வேளையில் காட்டினுள் சற்று நின்று செவி கொடுத்தால் போதும். வெளியே புல்வெளியில் மழை இராது. காட்டினுள்ளோ துளிகள் சொட்டிக் கொண்டிருக்கும். முகிலின் நீர்த்துளிகள் மிக நுண்ணியவை. தாமாக நிலத்தில் விழும் கனம் அவற்றுக்கு இல்லை. காற்று அவற்றை மரங்களின் ஊடே செலுத்தும்போது, இலை நுனியிலும் பாசியிலும் அவை மோதி, ஒன்றோடொன்று சேர்ந்து, பெருந்துளியாகி வீழ்கின்றன. மரங்கள் முகிலைச் சல்லடையிட்டு வடித்தெடுக்கும் நீர் இது. வெட்டவெளியில் வைக்கப்பட்ட மழைமானி இந்நீரைக் கணக்கிடுவதில்லை. ஆண்டுதோறும் இங்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. முகிலிலிருந்து வடியும் நீர் அதன்மேற் கிடைக்கும் வருவாய்.

வரும் நீரைச் சேமித்து வைப்பது இரண்டாவது தொழில். காட்டின் தரை வெறும் மண்ணன்று. உதிர்ந்த இலையும் மக்கிய கிளையும் பாசியும் வேர்களும் பின்னிய கரிய மெத்தை அது. கடும் மழையின் வேகத்தை முதலில் மரமுடிகள் தணிக்கின்றன. பின்னர் சருகுகள் தணிக்கின்றன. அடித்து ஓடவேண்டிய நீர் மண்ணில் ஊறி, பாறை இடுக்குகளில் இறங்கி, பல வாரங்கள் கழித்து ஊற்றாக வெளிப்படுகின்றது. மரங்களும் நீர் பருகுவன என்பது உண்மையே. விரைந்து வளரும் தைல மரங்கள், ஓடைத் தலைப்பில் நெருக்கமாக நடப்பட்டால் ஊற்றின் நீரைக் குறைத்துவிடவும் கூடும். எனவே எந்த மரமாயினும் நீரைப் பெருக்கும் என்று பொதுப்படக் கூறலாகாது. மெல்ல வளர்ந்த இயற்கைக் காடு, தான் பருகுவது போக எஞ்சியதை மண்ணிடம் ஒப்படைக்கின்றது என்பதே சரியான கூற்று. மழையில்லா மாதங்களில் ஓடை ஓடுவது அந்த இருப்பிலிருந்துதான்.

காட்டு வழியே மேலும் நடந்தால் சிறிய உலக முடிவும், அதனை அடுத்து உலக முடிவும் வருகின்றன. நிலம் அங்கே அறுத்து எறியப்பட்டது போல முடிந்துவிடுகின்றது. உலக முடிவின் விளிம்பிலிருந்து கீழ்நிலம் ஏறத்தாழ 880 மீற்றர் ஆழத்தில் உள்ளது. முகில் மூடாத காலையில், அடியில் தேயிலைத் தோட்டமும் வளைந்து செல்லும் பாதைகளும் தெற்குச் சமநிலமும் தெரியும். இவ்விடத்தில் கால் வைப்பவர் விளிம்பை நெருங்காதிருத்தல் வேண்டும். நனைந்த பாறை வழுக்கும்.

திரும்பும் வழியில் பாதை மீண்டும் பெலிஹுல் ஓயாவை அடைகின்றது. செங்குத்தான, மரம் செறிந்த பள்ளத்தில் இறங்கினால் ஏறத்தாழ இருபது மீற்றர் உயரத்திலிருந்து வீழும் பேக்கர் நீர்வீழ்ச்சியைக் காணலாம். நுவரெலியாவிற் சில ஆண்டுகள் வாழ்ந்து, வேட்டையிற் பேர் பெற்று, பின்னர் 1864இல் ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்டறிந்த சாமுவேல் பேக்கரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. உச்சி வெயிலிலும் இப்பள்ளம் குளிர்ந்தே இருக்கும். மரங்கள் இருபுறமும் கவிந்து ஓடையை மூடியிருப்பதால் நீரின் வெப்பம் ஏறுவதில்லை. குளிர்ந்த நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரைந்திருக்கும். ஓடையின் புழுபூச்சிகள் அதனால் வாழ்கின்றன. அவற்றை உண்டு பிற உயிர்கள் வாழ்கின்றன. ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கொணர்ந்து விட்ட திரௌட் மீன்கள் மலைநாட்டு ஓடைகளில் நிலைத்ததும் இக்குளிர்ச்சியினாலேயே.

இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பூங்குருவி இந்நிழலின் பிள்ளை. கருநீல நிறமும் கூச்ச குணமும் கொண்ட அப்பறவை, மரம் கவிந்த மலையோடைகளை விட்டு வெளியே வருவது அரிது. விடியற் போதிலும் அந்திப் போதிலும் அதன் கூர்மையான சீழ்க்கை ஓடையின் இரைச்சலைக் கிழித்துக் கேட்கும். மூக்கின்மேற் கொம்புடைய ஓணானும் இம்மலைக் காடுகளில் உண்டு. மலைக்காட்டுத் தேவாங்கு 1937ஆம் ஆண்டுக்குப் பின் மிக அரிதாகவே காணப்பட்டு, அழிந்ததோ என்று ஐயுறப்பட்டது. ஹோர்ட்டன் சமவெளிக் காட்டில் அது படம்பிடிக்கப்பட்ட செய்தி 2010இல் வெளிவந்தது. ஓடையோரக் காடு ஒன்றை வெட்டினால் இத்தகைய உயிர்கள் அடுத்த காட்டுக்குக் குடிபெயரும் என்று எண்ணுதல் தவறு. அடுத்த காடு பெரும்பாலும் இராது, தேயிலையே இருக்கும்.

அப்படியாயின், இந்தக் காடு மட்டும் எவ்வாறு தப்பியது? மலைநாட்டின் சரிவுகள் ஒரு காலத்தில் இத்தகைய காட்டினாலேயே மூடப்பட்டிருந்தன. 1820களிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றலாயின. காடு வெட்டும் வேலையில் சிங்களக் கிராமத்தவர் பலர் ஈடுபட்டனர். தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்த தொழிலாளர், வழியிலும் தோட்டத்திலும் நோய்க்கும் பசிக்கும் பலரைப் பலி கொடுத்து, அந்நிலத்தைப் பண்படுத்தினர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். 1869இற் கோப்பியை இலை நோய் பற்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி மறைந்து தேயிலை மலையேறியது. கோப்பியினும் உயரமான குளிர் நிலத்தில் தேயிலை வளரும் ஆதலின், எஞ்சிய உயர்மலைக் காடும் கோடரிக்கு இரையாகும் நிலை இருந்தது. 1873இல், இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தீண்டாது விடுமாறு அரசுக்கு ஆலோசனை கூறினார். அதனை ஏற்று ஆணையும் பிறந்தது. அந்த எல்லைக்கு மேலும் தேயிலை ஏறிய இடங்கள் உண்டு. எனினும் ஹோர்ட்டன் சமவெளி போன்ற மலைத் தலைகள் காடாகவே எஞ்சியதற்கு அவ்வாணை பெரிதும் துணை செய்தது.

அவ்வாறு எஞ்சிய காட்டின் பயன் நாடெங்கும் பரவுகின்றது. பெலிஹுல் ஓயா தெற்கே இறங்கி வளவை கங்கையிற் கலக்கின்றது. மேற்குப் புறத்தில் அக்ரா ஓயா டயகம, அக்கரப்பத்தனைத் தோட்டங்களின் ஊடே ஓடி, கொத்மலை ஓயாவாகி மகாவலியைச் சேர்கின்றது. பொகவந்தலாவைப் பக்கம் இறங்கும் நீர் கெஹெல்கமு ஓயாவாகி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தங்கி, பின் களனி கங்கையாகின்றது. திருகோணமலையருகே ஒன்றும், கொழும்பின் அருகே ஒன்றும், தென்கரையில் ஒன்றுமாகக் கடல் சேரும் மூன்று ஆறுகளுக்கு இம்மலைத்தலை நீரூட்டுகின்றது. 1950இல் இயங்கத் தொடங்கிய லக்சபான மின்நிலையமும், 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை அணையும் மலைநாட்டு நீரின் வலிமையைக் கொண்டே மின்சாரம் தருகின்றன. கொழும்பிற் சுழலும் மின்விசிறிக்கும் ஹோர்ட்டன் சமவெளியின் பாசிக்கும் உறவுண்டு என்றால் அது மிகையாகாது.

ஆயினும் இவ்வுறவை மிக அணுக்கமாக அறிந்தவர் தோட்ட மக்களே. மலைச்சரிவில் ஊற்றெடுக்கும் நீரை ஒரு குழாய் வழியாகவோ மூங்கில் வழியாகவோ வழிப்படுத்தி, லயங்களின் அருகில் விழச் செய்வர். அதுவே பீலி. மலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பிய பெண்கள் மாலையிற் குடம் நிறைப்பதும், பிள்ளைகள் குளிப்பதும், துணி துவைப்பதும், ஊர்ச் செய்தி பேசுவதும் அப்பீலியடியில்தான். பீலியின் தலைமாட்டில் ஒரு துண்டுக் காடு நிற்குமானால், பங்குனி வெயிலிலும் நீர் விழும். அக்காட்டை விறகுக்கோ பயிருக்கோ அழித்துவிட்டால், மழைக்காலத்திற் சேற்று நீரும், வெயிற்காலத்தில் வெறுங்குழாயுமே மிஞ்சும். அப்போது நெடுந்தூரம் நடந்து குடம் சுமக்கும் சுமை அந்தப் பெண்களின் தலையிலேயே ஏறுகின்றது.

நீர் குறைதல் ஒரு துன்பம். மண் பெயர்தல் மற்றொன்று. செங்குத்தான சரிவில் வேர்ப்பிணைப்பு அற்றுப்போய், நீர் வடியும் இயற்கைக் கால்களும் அடைபட்டால், பெருமழையில் மண் கூழாகி வழுக்குகின்றது. நிலச்சரிவுக்குப் பாறையின் அமைப்பு, சரிவின் சாய்வு, மழையின் அளவு எனப் பல காரணங்கள் உள. காடு நின்ற இடத்திலும் சரிவு நேர்ந்ததுண்டு. எனினும் ஓடையோர மரங்கள் ஆபத்தைக் குறைக்கும் காவல்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மண்ணுட் புதையுண்ட துயரையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மலைநாட்டிற் பல இடங்களில் விளைத்த அழிவையும் மக்கள் மறந்திலர். சரிவின் அடியில் யாருடைய வீடுகள் அமைந்துள்ளனவோ, அவர்களுக்கே சரிவின் தலையில் நிற்கும் காடு முதலிற் கவலைக்குரியது.

உயர்மலைக் காட்டுக்கும் இன்று நோய் உண்டு. கடந்த சில பத்தாண்டுகளாக ஹோர்ட்டன் சமவெளியிற் பல மரங்கள் நுனியிலிருந்து பட்டு வருகின்றன. மண்ணின் தன்மை, வறட்சி, காற்று மாசு எனப் பலவற்றை ஆய்வாளர் ஆராய்கின்றனர். ஆங்கிலேயர் காலத்தில் வந்த மஞ்சட் பூவுடைய முட்புதர் ஒன்று புல்வெளியைப் பற்றிப் பரவுகின்றது. வருவோர் எறியும் குப்பையை உண்டு மரைகள் மடிந்ததும் உண்டு. பூங்கா வாயிலிற் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றும் வழக்கம் ஏற்பட்டது இதனாலேயே.

ஆதலின் அங்கே நடக்கச் செல்பவர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கம் சிலவே. பாதையை விட்டு விலகலாகாது. பாசியின்மேற் பதியும் ஒரு காலடி ஆறப் பல ஆண்டுகள் செல்லும். ஓடையில் இறங்கலாகாது, சவர்க்காரமோ உணவோ அதிற் கலத்தலாகாது. உரக்கப் பாடுதலும் வானொலிப் பெட்டியை முழங்க விடுதலும் வேண்டா. சீழ்க்கைப் பூங்குருவியின் பாட்டு அவற்றினும் இனிது. குளிருக்குக் கம்பளியும், மழைக்கு மேலங்கியும், குடிக்க நீரும் உடன் கொண்டு செல்லுதல் நன்று.

தோட்டங்களில் வாழ்வோர் செய்யக்கூடியதும் உண்டு. பீலியின் தலைமாட்டில் எஞ்சிய மரங்களை விறகுக்கு வெட்டாது காத்தல், ஓடைக்கரையில் அவ்விடத்துக்கே உரிய மரங்களை மீண்டும் நடுதல், கான்களில் மண்ணும் குப்பையும் அடையாது பார்த்தல் ஆகியவை பெருஞ்செலவு வேண்டாத பணிகள். தோட்ட நிருவாகங்களும் ஓடையின் இருகரையிலும் ஒரு பட்டி நிலத்தைத் தேயிலையின்றி விட்டுவைத்தால், அந்நிலத்தால் இழக்கும் கொழுந்தினும் அது காக்கும் மண்ணின் மதிப்பு மிகுதியாகும். காட்டின் இடத்தில் வியர்வை சிந்தித் தேயிலை வளர்த்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, எஞ்சிய காட்டின் நீரிலே முதல் உரிமை உண்டு. அவ்வுரிமை நிலைக்க வேண்டுமாயின் ஓடையின் மேலுள்ள நிழலும் நிலைக்க வேண்டும்.